கிண்ணம் போனாலும் திடல் இருக்கட்டும்

2025-26 பருவத்தின் சூப்பர் லீக் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள். ஜொகூர் இருக்கிறது. சிலாங்கூர், சபா, திரங்கானு, பினாங்கு, நெகிரி செம்பிலான் எல்லாம் இருக்கின்றன. புருணையிலிருந்துகூட ஓர் அணி வந்து ஆடுகிறது. மொத்தம் 13 அணிகள். அதில் கெடா இல்லை.

நேற்று பெய்த மழையில் முளைத்த அணியா கெடா? உங்கள் அப்பாவையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள். 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மலேசியக் கிண்ண இறுதியாட்டம் வரை போய், மூன்று முறையும் கோலாலம்பூரிடம் தோற்றுத் திரும்பிய அணி அது. வேறு யாராக இருந்தாலும் மனம் உடைந்திருப்பார்கள். கெடா நான்காவது ஆண்டும் போனது. 1990-இல் சிலாங்கூரை 3-1 என்று வீழ்த்தி முதன்முதலாகக் கிண்ணத்தைத் தூக்கியது. 1993-இல் லீக்கும் கிண்ணமும் ஒரே ஆண்டில் வந்தன. பிறகு அஸ்ராய் கோர் பயிற்றுநராக இருந்த காலம். 2007, 2008 என்று அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். 2016-இல் மீண்டும் மலேசியக் கிண்ணம். 2017, 2019-இல் எஃப்.ஏ. கிண்ணம்.

இவ்வளவு பெரிய வரலாறு உள்ள அணிக்கு 2025-இல் என்ன நடந்தது? ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி. அதற்காகப் புள்ளிகள் வெட்டு. கடைசியில் 2025-26 பருவத்துக்கான உரிமமே கிடைக்கவில்லை. எந்த எதிரணியும் கெடாவைச் சூப்பர் லீக்கிலிருந்து வெளியேற்றவில்லை. சம்பளச் சீட்டுதான் வெளியேற்றியது.

அலோர் ஸ்டாரில் டாருல் அமான் அரங்கம் இன்னும் நிற்கிறது. ஐந்து மலேசியக் கிண்ணம் வென்ற பெருமையும் அழியவில்லை. ஆனால் பாலிங்கிலோ கூப்பாங்கிலோ குவாலா கெட்டிலிலோ பந்தை உதைக்கும் ஒரு 11 வயதுப் பையன், "நான் பெரியவனானால் கெடாவுக்கு ஆடுவேன்" என்று சொன்னால், அவனுக்கு என்ன பதில் சொல்வது?

நமக்கென்று ஓர் அணி இருந்தது

தமிழர்களுக்கு இந்த வலி புதிதில்லை. 2022-இன் இறுதியிலேயே இதைப் பார்த்துவிட்டோம்.

மிஃபா என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரியும். மலேசிய இந்தியக் காற்பந்து சங்கம். 2016-இல் எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா என்ற பெயரில் ஓர் அணி, நாட்டின் மூன்றாம் நிலைப் போட்டியான எஃப்.ஏ.எம். லீக்கில் இறங்கியது. 2017-இல் பிரிமியர் லீக்குக்கு ஏறியது. 2019-இல் சூப்பர் லீக். மூன்றே ஆண்டுகளில் அடித்தட்டிலிருந்து உச்சிக்கு. நம் பெயர் எழுதிய ஓர் அணி ஜொகூரோடும் பகாங்கோடும் சரிக்குச் சரி நின்றதைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்தியவர்கள் எத்தனையோ பேர்.

மேலே ஏறியபோது பெயர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று மாறியது. தொழிலதிபர் விஜய் ஈஸ்வரனின் கியூ.ஐ. குழுமம் பின்னால் நின்றது. கே. தேவன், பி. மணியம் போன்ற நம்மவர்கள் பயிற்றுநர்களாக இருந்தார்கள். 2022 பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், மலேசியர்களை மட்டுமே வைத்து ஆடிக் காட்டியது அந்தக் கழகம். மற்ற அணிகள் பிரேசில், ஆப்பிரிக்கா என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அது துணிச்சலான முடிவு.

அந்தப் பருவம் முடிந்ததும் கழகம் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. நான்கு பருவங்கள். அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் வேறு அணி தேடிப் போனார்கள். 

இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. பணம் போட்டவர்கள் போட்டார்கள். அதுவே பெரிய காரியம். எனக்குள்ள கேள்வி வேறு. ஓர் அணி மூடப்பட்ட பிறகு நம் கையில் என்ன மிஞ்சியது? ஒரு திடலா? ஒரு பயிற்சிப் பள்ளியா? தோட்டப்புறத்துப் பையன் ஒருவன் ஏறிப் போக ஓர் ஏணியா?

எண்ணிப் பார்த்தால் நம்மிடம் திறமை என்றுமே குறைந்ததில்லை. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியின் தலைவர் எம். சந்திரன். கோல் கம்பத்தைத் தன் நீண்ட கைகளால் காத்து "ஸ்பைடர்மேன்" என்று பெயர் வாங்கியவர் ஆர். ஆறுமுகம். 1980-இல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் அவரும் ஒருவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியாமல் போனது வேறு கதை.

பிறகு கே. ராஜகோபால். 2009-இல் லாவோஸில் நடந்த சீ விளையாட்டின் இறுதியாட்டத்தில் அவருடைய இளைஞர்கள் வியட்நாமை 1-0 என்று வென்று, 20 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு ஆசியான் கிண்ண அரையிறுதியில் மீண்டும் வியட்நாம். புக்கிட் ஜாலிலில் 2-0. ஹனோயில் கோல் இல்லாத சமநிலை. இறுதியில் இந்தோனேசியாவையும் வென்று மலேசியா முதன்முதலாக அந்தக் கிண்ணத்தைப் பெற்றது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2018-இல், அதே ஆசியான் கிண்ணத்தின் இறுதியாட்டம். புக்கிட் ஜாலிலில் 2-2. ஹனோயில் 1-0. இந்தத் தடவை கிண்ணம் வியட்நாமுக்கு.

இந்த எட்டு ஆண்டுகளில் அங்கே என்ன நடந்தது? பதில் பல இடங்களில் இருக்கிறது. அதில் ஒன்று, பாலிங்கைப் போலவே கித்தா மரமும் மலையும் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது.

பிளேக்கு என்ற ஊர்

வியட்நாமின் நடு மேட்டு நிலத்தில் ஜியா லாய் மாநிலம். 2025 வரை அதன் முக்கிய ஊராக இருந்தது பிளேக்கு. செம்மண் பூமி. கித்தா, கோப்பி, மிளகு விளையும் இடம். தலைநகர் ஹனோயும் தூரம், ஹோ சி மின் நகரும் தூரம். பாலிங்கிலிருந்து கோலாலம்பூரை நினைத்தால் எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்கும்.

கித்தா என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே வெள்ளைக்காரன் தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த அதே காலத்தில், அங்கே பிரெஞ்சுக்காரன் வடக்கு வியட்நாமின் ஏழை விவசாயிகளை ஒப்பந்தம் போட்டுத் தெற்கின் ரப்பர்த் தோட்டங்களுக்கு இறக்கினான். மலேரியா, அடி, கடன் எல்லாம் அங்கேயும் உண்டு. பால்மரத்தின் கதை எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பிளேக்குவில் டுவான் நுயென் டுக் என்று ஒருவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மேசை நாற்காலி செய்யும் சின்னப் பட்டறையில் தொடங்கி, மரச்சாமான், வீட்டுமனை, ரப்பர் என்று வளர்ந்து பெரும் பணக்காரர் ஆனார். தன் நிறுவனத்துக்கு மகள் ஹோவாங் ஆன் பெயரையும் மாநிலத்தின் பெயரையும் சேர்த்து வைத்தார்: ஹோவாங் ஆன் ஜியா லாய். வியட்நாமில் காற்பந்து தொழில்முறைக்கு மாறிய புதிதில், மாநிலத்தின் அணியை அவர் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அணிக்கும் அதே பெயர்.

அந்த ஊரில் காற்பந்துக்குப் பணம் போடும் முதலாளியை "பவ்" என்று செல்லமாக அழைப்பார்கள். பவ் டுக் முதலில் செய்தது எல்லா முதலாளிகளும் செய்வதுதான். பெரிய பெயரை வாங்கினார். 2002-இல் தாய்லாந்தின் மாபெரும் நட்சத்திரம் கியாத்திசுக் சேனாமுவாங் கையெழுத்திட்டார். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு வரை போய் வந்த ஆட்டக்காரர், இரண்டாம் நிலையில் இருந்த ஒரு மலைநகர அணிக்கு! தென்கிழக்காசியாவே திரும்பிப் பார்த்தது. கூடவே மற்ற தாய்லாந்து ஆட்டக்காரர்களும் வந்தார்கள். அணி மேலே ஏறியது. 2003-இல் வி லீக் வெற்றியாளர். 2004-இல் மீண்டும்.

கதை இங்கேயே நின்றிருந்தால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பணம் இருந்தது, வாங்கினார், வென்றார். ஆனால் 2004-க்குப் பிறகு இன்றுவரை அந்தக் கழகம் ஒரு லீக் பட்டம்கூட வெல்லவில்லை. மற்ற முதலாளிகளும் அதே வழியில் இறங்கிவிட்டார்கள். நட்சத்திரங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. வாங்கி வெல்லும் வழியில், அடுத்தவன் கூடுதலாகக் கொடுத்தால் நம் கதை முடிந்தது.

செருப்பில்லாத கால்கள்

2007-இல் பவ் டுக் வேறு வழிக்குத் திரும்பினார். இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தோடும், ஜான் மார்க் கியூ என்ற பிரெஞ்சுப் பயிற்றுநரின் அமைப்போடும் சேர்ந்து, பிளேக்குவுக்கு வெளியே ஒரு காற்பந்துப் பள்ளி கட்டினார். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான சிறுவர்களை ஆடவிட்டுப் பார்த்து, ஒரு சிலரை மட்டும் எடுத்தார்கள்.

கியூவின் முறை விசித்திரமானது. பிள்ளைகள் முதலில் வெறுங்காலில்தான் ஆட வேண்டும். பந்தைப் பாதம் உணர வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு திறனாகத் தேறிய பிறகுதான் காலணி. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் இப்படிப் பயின்று வந்தவர்கள்தான் கோலோ தூரே, யாயா தூரே சகோதரர்கள்.

இதைப் படித்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். தோட்டத்துத் திடலில் நம்மவர்கள் ஆடாத வெறுங்கால் ஆட்டமா? நம் பையன்கள் காலணி வாங்க வசதியில்லாமல் வெறுங்காலில் ஆடினார்கள். அங்கே அதையே பாடமாக்கி, பக்கத்தில் நின்று கவனிக்க ஒரு பயிற்றுநரையும் வைத்தார்கள். வித்தியாசம் காலணியில் இல்லை. பக்கத்தில் நின்ற ஆளில் இருந்தது.

எடுக்கப்பட்ட சிறுவர்களில் ஒருவன் நுயென் கோங் ஃபுவோங். ஏழை விவசாயக் குடும்பம். உடம்பு மெலிவு என்று சொந்த மாநிலத்துக் கழகம் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தது. இன்னொருவன் லுவோங் சுவான் துருவோங். இன்னும் துவான் ஆன், வான் துவான். பள்ளிப் படிப்பு நிற்கவில்லை. ஆங்கிலமும் சேர்த்தே கற்றார்கள். பிற்காலத்தில் சுவான் துருவோங் வெளிநாட்டு நிருபர்களிடம் ஆங்கிலத்திலேயே பேட்டி கொடுத்ததை வியட்நாமியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். "பந்து விளையாடினால் படிப்பு கெட்டுவிடும்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதற்கு இது நல்ல பதில்.

விதைத்தது முளைக்க எட்டு ஆண்டுகள் ஆயின. 2015-இல் முதல் வகுப்புப் பிள்ளைகளை மொத்தமாக வி லீக்கில் இறக்கினார்கள். மீசை முளைக்காத பையன்கள், முரட்டு ஆட்டக்காரர்களுக்கு எதிராக. அந்தப் பருவம் முழுக்க அட்டவணையின் அடியில் தத்தளித்தார்கள். ஆனால் கீழே இறங்கவில்லை. அரங்கம் நிரம்பியது. தோற்றாலும் அழகாக ஆடுகிறார்கள் என்று எதிரணி ஊர்களிலும் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

பிறகு பலன் வந்தது. 2018 தொடக்கத்தில் சீனாவின் சாங்சோவில் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டி. கொட்டும் பனியில் நடந்த இறுதியாட்டத்தில் வியட்நாம் உஸ்பெகிஸ்தானிடம் 1-2 என்று தோற்றது. ஆனால் இறுதி வரை போனதே சரித்திரம். அந்த அணியின் தலைவர் சுவான் துருவோங், பிளேக்கு பள்ளியின் பிள்ளை. அதே ஆண்டு டிசம்பரில் நம்மை வென்று ஆசியான் கிண்ணம் தூக்கிய அணியிலும் அந்தப் பள்ளியின் பிள்ளைகள் இருந்தார்கள்.

கித்தா விலை விழுந்தபோது

இதுவரை சொன்னது ஏற்றம். இனி இறக்கம். பாலிங் வாசகர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகவே புரியும்.

பவ் டுக்கின் நிறுவனம் லாவோஸிலும் கம்போடியாவிலும் பெரிய அளவில் கித்தா நட்டது. 2011-இல் கித்தா விலை உச்சத்துக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு நம் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் புது மோட்டார் வாங்கினார்கள். பிறகு விலை சரிந்ததும் நினைவிருக்கும். 1974-இல் கித்தா விலை விழுந்தபோது பாலிங் மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய ஊர் இது. விலை விழுந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே நிறுவனம் கடனில் மூழ்கியது. 2018-இல் இன்னொரு பெரிய நிறுவனமான தாக்கோ உள்ளே வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. பவ் டுக் கித்தாவை விட்டு வாழை, டுரியான், பன்றி வளர்ப்பு என்று மாறினார். ஒரு காலத்தில் நாட்டின் முதல் வரிசைப் பணக்காரர், வாழைப்பழம் தின்று வளரும் பன்றியை விற்றுக் கடன் கட்டினார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்த நிலையில் ஒரு காற்பந்துக் கழகத்துக்கு என்ன நேர வேண்டும்? மூடியிருக்க வேண்டும். வியட்நாமில் மூடியவை நிறைய. நவிபேங்க் சைகோன் 2012-இல் போனது. சுவான் தான் சைகோன் 2013-இல். நின் பின் 2014-இல், ஆட்டத்தை விற்ற வழக்கோடு. நிலக்கரி ஊரான குவாங் நின் அணி 2021-இல் சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றுபோனது. கெடாவின் கதையேதான்.

ஹோவாங் ஆன் ஜியா லாய் நிற்கிறது. 2003-இல் முதல் நிலைக்கு ஏறிய பிறகு ஒருமுறைகூட இறங்கவில்லை. கோங் ஃபுவோங் ஜப்பான் போனார்; சுவான் துருவோங் கொரியா போய் வந்தார்; அந்த முதல் வகுப்பில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு கழகங்களுக்குப் போய்விட்டார்கள். பெரிய பெயர் எதுவும் வாங்கப் பணமில்லை. ஆனால் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆண்டுதோறும் இறங்கிவிடுவார்களோ என்று ரசிகர்கள் நகம் கடிக்கிறார்கள். ஆண்டுதோறும் எப்படியோ தப்பிவிடுகிறார்கள்.

கடன்காரனால் நட்சத்திரத்தின் ஒப்பந்தத்தை முறிக்க முடியும். 10 வயதுப் பையனின் காலில் ஏறிய வித்தையை யாரும் ஜப்தி செய்ய முடியாது.

மூன்று கேள்விகள்

எந்தக் கழகத்தின் வரலாற்றைப் படித்தாலும் கோப்பைகளை எண்ணுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பணம் யாருடையது? திடல் யாருடையது? பிள்ளைகள் யாருடையவர்கள்?

பணம் எப்போதும் வேறு யாருடையதாவதாகத்தான் இருக்கும். அது வரும், போகும். பிளேக்குவில் பணம் கிட்டத்தட்டப் போயே விட்டது. ஆனால் திடலும் பிள்ளைகளும் சொந்தமாக இருந்ததால் கழகம் பிழைத்தது. பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆடியது நகராண்மைக் கழகத்தின் அரங்கில். ஆட்டக்காரர்கள் பல ஊர்களில் வளர்ந்து வந்தவர்கள். பணம் விலகியபோது மற்ற இரண்டும் கூடவே கலைந்தன.

நாட்டின் பெரிய அணியையும் இதே கேள்விகளால் அளக்கலாம். 2025 ஜூனில் புக்கிட் ஜாலிலில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றபோது துள்ளிக் குதித்தோம். செப்டம்பரில் ஃபீஃபா, வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் பூர்வீக ஆவணங்கள் போலி என்று சொல்லி அவர்களுக்குத் தடையும், மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு அபராதமும் விதித்தது. தாத்தா பாட்டி எங்கே பிறந்தார்கள் என்று உலகமெல்லாம் தேடுவதற்குச் செலவான நேரத்தில், தாத்தா பாட்டியோடு இங்கேயே வாழும் பிள்ளைகளைத் தேடியிருக்கலாம்.

நம் ஊருக்கு வருவோம்

வானொலி நிகழ்ச்சியில் விளையாட்டுப் பேச்சு வரும் நாட்களில், தோட்டப்புறத்து அப்பாக்களிடமிருந்து வரும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். "தம்பி, பையனுக்குப் பந்து நல்லா வருது. எங்க கொண்டு போய் விடுறது?" அந்தக் குரலில் பெருமையும் இருக்கும், கொஞ்சம் பயமும் இருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. பள்ளி அணியில் தொடங்கி மாவட்ட அளவிலான எம்.எஸ்.எஸ்.டி., அங்கிருந்து மாநிலம், பிறகு தேசிய அளவிலான எம்.எஸ்.எஸ்.எம். என்று ஒரு படிக்கட்டு இருக்கிறது. தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. பகாங் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரில் பதின்ம வயதினருக்கான தங்கிப் படிக்கும் காற்பந்துப் பள்ளி இருக்கிறது. தெரிவுக்கு ஆள் எடுப்பவர்கள் மாவட்டப் போட்டிகளில்தான் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்.

சிக்கல் முதல் படியில் இருக்கிறது. நம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகள் பல, குறைந்த மாணவர் கொண்ட பள்ளிகள். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பையன்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினாலும் ஓர் அணி தேறாது. அணி தேறாத பள்ளி மாவட்டப் போட்டிக்குப் போகாது. போகாத பிள்ளையை யாரும் பார்க்கப் போவதில்லை. அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவன் திறமை லயத்து வாசலோடு நின்றுவிடும்.

முன்பு இந்த இடத்தைத் தோட்டத்துத் திடல் நிரப்பியது. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம். பெரியவர்கள் ஆடுவார்கள், ஓரத்தில் சின்னவர்கள் உதைத்துப் பழகுவார்கள். தோட்டங்கள் கைமாறி, கித்தா போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பினாங்கு என்று நகர்ந்த பிறகு, அந்தத் திடல்களில் பல புல் மூடிக் கிடக்கின்றன. சிலவற்றின் மேல் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது.

ஆனாலும் நம்மிடம் ஒன்று இன்னும் சாகவில்லை. தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா என்றால் இன்றும் எழுவர் காற்பந்துப் போட்டி வைக்கிறோம். கடைக்காரர்கள் பணம் கொடுக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினர் வந்து பந்தை உதைத்துத் தொடக்கி வைக்கிறார். ரொக்கப் பரிசுக்காக வெளி மாநிலத்திலிருந்துகூட ஆட்களை இறக்கி ஆடவிடுகிறார்கள். கிண்ணத்தைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் திடல் காலி. பெரிய கழகங்களின் நோய் நம் சின்னப் போட்டிக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே, உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த போட்டியில் முதல் பரிசுத் தொகையில் கொஞ்சம் குறையுங்கள். அதில் 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு பிரிவு வையுங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு, மூன்று தமிழ்ப்பள்ளிகளின் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் அணியாக ஆடவிடுங்கள். உங்கள் போட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லையே! மாவட்டத்தில் பயிற்றுநர் உரிமம் வைத்திருக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால் மரியாதையாக அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள். வெளி மாநில ஆட்டக்காரர் ஒருவருக்குக் கொடுக்கும் பணத்தில் 20 பந்து வாங்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எல்லாப் பிள்ளையும் கோங் ஃபுவோங் ஆகிவிட மாட்டான். பிளேக்கு பள்ளியிலேயே பெயர் தெரியாமல் போனவர்கள் உண்டு. நூற்றில் ஒருவனுக்குக்கூடத் தொழில்முறைக் காற்பந்து கிடைக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் வாரத்துக்கு மூன்று மாலை கைப்பேசியை வைத்துவிட்டு, வேர்வை சிந்தி, தோற்று, மறுபடி எழுந்து ஓடிய பையனுக்கு அந்த ஓட்டம் வேறெங்காவது உதவாமல் போகாது. பெண் பிள்ளைகளுக்கும் இதே வார்த்தைதான்.

கெடா திரும்பி வரும். 1990-க்கு முன் மூன்று முறை தோற்றும் திரும்பி வந்த அணி அது. எந்த முதலாளி, எந்தப் பெயரில், எந்த ஆண்டில் கொண்டுவருவார் என்பது நம் கையில் இல்லை. அது திரும்பி வரும் நாளில் மேலே ஏறி ஆட பாலிங்கிலிருந்து ஒரு பையன் தயாராக இருப்பானா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதற்கு முதல் வேலை, உங்கள் பகுதித் திடலில் புல் வெட்டியிருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பது.